‘எறக்கி வெச்சுரலாங்ணா’ என்றால் எத்தனை மில்லி?

கோவையில் வண்டியை மாற்றிக் கட்டும் ஒரு பட்டறைக்குள் நுழைந்தால் மூன்று பாஷை ஒரே சமயத்தில் காதில் விழும். வண்டிப் பைத்தியங்கள் ஸ்டான்ஸ், போக், ஸ்டேஜ் 1 என்று பேசுவார்கள். லேத்துக்காரரும் டிங்கரும் நூல், மில்லி, கேஜ், ஓவர்சைஸ் என்பார்கள். பழைய வண்டி புரோக்கர் ‘டாக்டர் வண்டிங்க, சிங்கிள் ஓனருங்க’ என்பார். மூன்றும் ஒன்றையொன்று தப்பாகப் புரிந்துகொள்ளும் இடத்தில்தான் காசு போகிறது. நீங்கள் வண்டியை 30 மில்லி இறக்கும் ஸ்பிரிங் செட்டை மனதில் வைத்து ‘ஸ்லாம் பண்ணிக் குடுங்க’ என்று சொல்லிவிட்டு வருவீர்கள். அவர் இருக்கிற ஸ்பிரிங்கையே ஒன்றரைச் சுற்று அறுத்து வைத்திருப்பார். அவர் மேல் குற்றமில்லை. நீங்கள் அளவு சொல்லவில்லை.

அதனால் இங்கே ஒவ்வொரு சொல்லோடும் அதற்குப் பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டிய எண்ணும் வருகிறது.

முதலில் அலகுகள். வெல்டரும் டிங்கரும் சொல்லும் ‘ஒரு நூல்’ என்பது எட்டில் ஒரு பங்கு இன்ச், அதாவது 3.2 மில்லி. ‘மில்லி’ என்றால் மில்லிமீட்டர். தகடு கேஜ் கணக்கில் போகும். எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 18 கேஜ் சுமார் 1.2 மில்லி, 20 கேஜ் சுமார் 0.9 மில்லி. சைலன்சர் பைப் இன்ச்சில் போகும். அது வெளி விட்டமா உள் விட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை அலகும் ஒரே வண்டியில் கலக்கும் என்பதால் காகிதத்தில் எல்லாவற்றையும் மில்லியிலேயே எழுதிவிடுவது நல்லது.

வீல்: போக், ஃப்ளஷ், டக், ஸ்ட்ரெச்

அதிகச் சொற்களும் அதிகத் தப்புகளும் இருக்கும் இடம் இது. டயரோ ரிம்மோ மட்கார்டுக்கு வெளியே துருத்தி நின்றால் ‘போக்’. மட்கார்டு விளிம்போடு ஒட்டி, கோடு போட்டது போல நின்றால் ‘ஃப்ளஷ்’. வண்டி இறங்கி வீலின் மேல்பகுதி மட்கார்டுக்குள் மறைந்தால் ‘டக்’. அகலமான ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டினால் ‘ஸ்ட்ரெச்’. இவை அத்தனையும் சேர்ந்த மொத்த நிற்பின் பெயர்தான் ‘ஸ்டான்ஸ்’.

இதில் எது வேண்டும் என்றாலும் கடையில் சொல்ல வேண்டியது ஐந்து எண்கள்: ரிம் விட்டம், ரிம் அகலம், ஆஃப்செட், பிசிடி, நடு ஓட்டை. ‘பதினாறு இன்ச் அலாய்’ என்று மட்டும் சொன்னால் ஐந்தில் ஒன்றுதான் சொன்னீர்கள்.

ஆஃப்செட்டை ‘இ.டி.’ என்பார்கள். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, வீல் ஹப்பில் (வீலை போல்ட் போட்டு மாட்டும் அச்சுமுனையில்) உட்காரும் முகம் எத்தனை மில்லி வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். கம்பெனி ரிம் 6 ஜே (ஜே எண் என்பது இன்ச்சில் ரிம் அகலம்), இ.டி. 45 என்று வையுங்கள். நீங்கள் 7 ஜே, இ.டி. 35 வாங்குகிறீர்கள். ஒரு இன்ச் அகலம் கூடியதால் இரண்டு பக்கமும் 12.7 மில்லி கூடும். ஆஃப்செட் 10 குறைந்ததால் மொத்த ரிம்மும் 10 மில்லி வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 22.7 மில்லி துருத்தும், உள்பக்கம் ஷாக்கை நோக்கி 2.7 மில்லி மட்டுமே நெருங்கும். இந்தக் கணக்கைக் கடைக்குப் போகும் முன்பே போட்டு, மட்கார்டில் ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டு இப்போது எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

பழைய ரிம்மில் ஆஃப்செட் எண் தேய்ந்து போயிருந்தால் அளந்தே கண்டுபிடிக்கலாம். டயர் கழற்றிய ரிம்மைக் குப்புறப் போடுங்கள். பின்விளிம்பின் மேல் நேரான பட்டை ஒன்றைக் குறுக்கே வையுங்கள். பட்டையிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரைக்கும் ஆழத்தை அளங்கள். அடுத்து விளிம்புக்கு விளிம்பு மொத்த அகலத்தை அளங்கள். இது ஜே எண்ணைவிடச் சுமார் ஒரு இன்ச் கூடுதலாக இருக்கும், 7 ஜே ரிம் கிட்டத்தட்ட 203 மில்லி வரும். ஆழத்திலிருந்து அகலத்தின் பாதியைக் கழித்தால் ஆஃப்செட். ஆழம் 137, பாதி 102 என்றால் இ.டி. 35. உக்கடம் பக்கம் பழைய ரிம் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு அளவைப் பழகிக்கொண்டால் போதும், பாதித் தலைவலி இல்லை.

பிசிடி என்பது போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்ட், ஐ20, சிட்டிக்கு நாலு ஓட்டை, 100 மில்லி. போலோவுக்கு ஐந்து ஓட்டை, 100. ஜிப்சிக்கு ஐந்து, 139.7. நாலு ஓட்டை ரிம்மில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்தை அளந்தால் நேராக விடை வந்துவிடும். ஐந்தில் எதிர் ஓட்டை கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மைய தூரத்தை 1.701-ஆல் பெருக்குங்கள். 58.8 வந்தால் 100 பிசிடி, 67.2 வந்தால் 114.3.

எங்கே ஏமாறுவார்கள் என்றால், பாலியோ போன்ற ஃபியட்டுகளின் 98 பிசிடியில். 98-க்கும் 100-க்கும் இரண்டு மில்லிதான் வித்தியாசம், ரிம் ஏறிவிடும், நட்டும் பிடித்துவிடும். ‘அதெல்லாம் உக்காந்துக்குங்’ என்பார்கள். ஒவ்வொரு போல்ட்டும் ஒரு மில்லி சாய்ந்து உட்கார்ந்திருக்கும். நட்டின் முகம் முழுதாகப் படாது. கொஞ்ச தூரம் ஓடியதும் தளரும், இல்லாவிட்டால் போல்ட் களைத்து ஒடியும். இதில் சமரசமே கிடையாது.

நடு ஓட்டை: ஸ்விஃப்ட் ஹப் 54.1, போலோ 57.1. வெளிச்சந்தை அலாய் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று 73.1 போலப் பெரிதாக விட்டிருப்பார்கள். இடைவெளியை அடைக்கும் வளையத்தின் பெயர் ‘ஹப் ரிங்’. அதைப் போடாமல் விட்டால் 80-லிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் செய்து செய்து பார்ப்பீர்கள், தீராது. அளவு சொன்னால் எந்த லேத்திலும் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். சிட்கோ இருக்கிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

நட்டின் உட்காரும் முகமும் முக்கியம். போலோவின் கம்பெனி போல்ட்டுக்கு உருண்டை முகம், வெளிச்சந்தை அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு முகம். மாற்றிப் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில்தான் பிடிக்கும். ‘ஸ்பேசர்’ (வீலை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு) வைக்கிறவர்கள் போல்ட் நீளத்தைக் கூட்டியே ஆக வேண்டும். போல்ட் எத்தனை மில்லி தடிமனோ அத்தனை மில்லியாவது மரைக்குள் போக வேண்டும், எம்12, 1.5 பிட்ச் என்றால் குறைந்தது எட்டுச் சுற்று. முடுக்கும் டார்க் சின்ன கார்களில் பெரும்பாலும் 85-லிருந்து 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சரியான எண் வண்டிக் கையேட்டில் உண்டு. நியூமேட்டிக் கன்னால் ‘டர்ர்’ என்று அடித்துவிட்டு அனுப்பினால், வீட்டில் ஒருமுறை டார்க் ரெஞ்சால் பாருங்கள். 50–100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் பாருங்கள்.

‘அப்சைஸ்’ என்றால் பெரிய ரிம், தட்டை டயர், மொத்த விட்டம் மாறாமல். 185/65 ஆர்15 சுமார் 621.5 மில்லி. 195/55 ஆர்16 சுமார் 621. 205/45 ஆர்17 சுமார் 616. மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் சண்டைக்கு வராது. ஆனால் பக்கச்சுவரைப் பாருங்கள்: 120 மில்லியாக இருந்தது 92 ஆகிவிட்டது. கோபி, தாராபுரம் பக்கம் ராத்திரி ஓட்டுகிறவருக்கு அந்த 28 மில்லிதான் ரிம்முக்கும் குழிக்கும் நடுவில் இருந்த காவல். ‘ஸ்ட்ரெச்’ அதைவிட மோசம். 205/45 டயருக்கு 6.5-லிருந்து 7.5 ஜே வரைதான் அனுமதி. அதை 9 ஜேயில் இழுத்து மாட்டினால் படத்துக்கு அழகு, குழியில் டயர் ரிம்மை விட்டு நழுவும்.

இறக்குதல்: ஸ்லாம்ட், ஸ்டாட்டிக், பேக்டு

‘ஸ்டாட்டிக்’ என்றால் ஸ்பிரிங்கால் ஒரே உயரத்தில் நிரந்தரமாக இறக்கியது. ‘பேக்டு’ என்றால் காற்றுப் பையில் ஏற்றி இறக்குவது. ‘காயில்ஓவர்’ என்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கூடாக, மரை சுற்றி உயரம் மாற்றக்கூடியது. ‘ஸ்லாம்ட்’ என்பது ஒரு அளவே இல்லை, இனி இறங்க இடமில்லை என்பதன் பெருமைப் பேச்சு. பட்டறையில் அந்தச் சொல்லை உச்சரிக்காதீர்கள். ‘முன்னால 30, பின்னால 25’ என்று சொல்லுங்கள். பின்பக்கத்தைவிட முன்பக்கம் தாழ்ந்து நிற்பதற்கு ‘ரேக்’ என்று பெயர்.

அளப்பது எப்படி? தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் டயர் அளவும் குழப்பும். வீல் மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் உச்சி வரைக்கும், நாலு வீலிலும், சமதரையில், உள்ளே யாரும் இல்லாமல் அளந்து எழுதுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் அளங்கள். புது ஸ்பிரிங் ஓட ஓட இன்னும் சில மில்லி இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நம் ஊர்க் கிராமத்து வேகத்தடைக்கு அரசாங்க அளவு ஏதும் தெரியாது. ஆளும் பெட்டியும் ஏற்றிப் போகிற வண்டியென்றால் 25–30 மில்லிக்கு மேல் கேட்பது ‘அடி தட்டுதுங்’ என்ற புகாருக்கு முன்பணம்.

அறுத்த ஸ்பிரிங் ஏன் கூடாது? வேலை செய்யும் சுற்று ஆறு இருக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் அது 20 சதவீதம் கடினமாகும்; ஆறில் ஐந்து மிச்சம் என்பதன் நேர்க் கணக்கு அது. கடினம்கூடப் பரவாயில்லை. அறுத்த முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. ஒரு வீல் குழியில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறி, திரும்பி வரும்போது கோணலாக உட்காரும். ‘டங்’ என்ற சத்தம் அதுதான். கேஸ் வைத்துச் சுட்டு இறக்குவது இதைவிடக் கொடுமை: எஃகின் டெம்பர் போய், நாலு பக்கமும் நாலு உயரமாகச் சரிந்துகொண்டே இருக்கும்.

நல்ல ஸ்பிரிங் செட் போட்டாலும் பட்டறைகள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. கீழ்க்கையின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கில் தொங்கும்போதே இறுக்கிவிடுவார்கள். இறக்கி வைத்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழியும். போல்ட்டைக் கைமுடுக்காக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு தடவை அழுத்தி ஆட்டி, அதன் பிறகுதான் முழு டார்க் கொடுக்க வேண்டும். இதைக் காகிதத்தில் தனி வரியாக எழுதுங்கள்.

அடுத்து அலைன்மென்ட். இறக்கினால் ‘கேம்பர்’ நெகட்டிவாகப் போகும்: வீலின் தலை உள்ளே சாயும். ஒன்று, ஒன்றரை டிகிரி வரை தெருவுக்குச் சரி. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டுகிறவர் இரண்டு, மூன்று டிகிரி கேட்பார், திருப்பத்தில் டயர் முழு முகமும் படுவதற்காக. ஷோவுக்கு நிறுத்துகிறவர் எட்டு டிகிரி கேட்பார், பார்வைக்காக. இருவரும் ‘நெகட்டிவ் கேம்பர்’ என்றே சொல்வதால், டிகிரி சொல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. டயரின் உள்விளிம்பைச் சீக்கிரம் தின்பது கேம்பரைவிட ‘டோ’ தான்: மேலிருந்து பார்த்தால் வீலின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. அதனால் டோ மட்டும் கண்டிப்பாகக் கம்பெனி அளவுக்குள் வரவேண்டும். முன்–பின் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் பின்பக்கம் டுவிஸ்ட் பீம், அதாவது இரண்டு பின்வீலையும் இணைக்கும் ஒரே குறுக்குத் தண்டு. அங்கே கேம்பரும் டோவும் திருகி மாற்ற முடியாது, ‘பின்னாலயும் செட் பண்ணியாச்சுங்’ என்றால் நம்பாதீர்கள்.

பின் பிரேக்குக்கு எடை பார்த்து அழுத்தம் அனுப்பும் வால்வு உள்ள வண்டிகளில் இன்னொன்று. வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பாரம் ஏறியிருக்கிறது என்று நினைத்துப் பின் பிரேக்கைக் கூட்டிவிடும். மழையில் பின்வீல் பூட்டிக்கொள்ளும். அதன் கம்பியையும் திருத்த வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து ஜீப்காரர்களுக்கு இதே கதை தலைகீழ். ‘லிஃப்ட்’ ஏற்றினால் பின் பிரேக் குறையும். பட்டை ஸ்பிரிங்கில் ஷேக்கிளை (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசியோடு இணைக்கும் இணைப்பை) 2 இன்ச் நீட்டினால் வண்டி ஏறுவது 1 இன்ச்தான், இதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

பாடி: சாப், சேனல், செக்‌ஷன், ஃப்ரெஞ்ச், ஷேவ்

இவை அமெரிக்கச் சொற்கள், அங்கே பிறந்த வண்டிகளுக்கானவை. தூண்களை அறுத்துக் கூரையைத் தாழ்த்துவது ‘சாப்’. பாடியைச் சேசியின் மேல் கீழிறக்கி உட்கார வைப்பது ‘சேனல்’. பாடியின் இடுப்பில் கிடையாக ஒரு பட்டையை அறுத்தெடுத்து ஒட்டுவது ‘செக்‌ஷன்’. விளக்கைப் பாடிக்குள் குழிவாகப் பதிப்பது ‘ஃப்ரெஞ்ச்’. கைப்பிடி, எம்ப்ளம், பீடிங் எல்லாம் எடுத்து ஓட்டையை அடைத்து வழவழப்பாக்குவது ‘ஷேவ்’. ‘ட்யூஸ்’ என்றால் 1932 ஃபோர்டு. அந்த வருஷம்தான் ஃபோர்டு தன் வி8 இன்ஜினைச் சாதாரண வண்டிக்குள் வைத்தது. 1949 மெர்க்குரியின் கூரையை சாம் பாரிஸ் தாழ்த்திக் கட்டிய பிறகு அந்த மாடலே சாப் வேலைக்கு அடையாளமாகிவிட்டது. ‘லெட் ஸ்லெட்’ என்ற பெயர், பட்டிக்குப் பதில் ஈயம் உருக்கி மேடுபள்ளம் நிரவிய காலத்தது.

நம் வண்டிக்கு இவற்றில் எது ஒத்துவரும்? ஜீப், ஜிப்சி, பொலேரோ போன்றவை சேசி வண்டிகள். பெரும்பாலான கார்கள் மோனோகாக்: பாடியே எலும்பு. அம்பாசடருக்கு லாரி மாதிரி சேசி இருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அதுவும் மோனோகாக்தான். கரூரில் பஸ் பாடியும் நாமக்கல்லில் லாரி பாடியும் கட்டும் கைகள் சேசி மேல் எதையும் நிறுத்தும். அந்தத் திறமையை நம்பி மோனோகாக்கின் தூணை அறுக்கக் கொடுப்பது வேறு விஷயம். அறுத்த தூண் பழைய பலத்துக்கு வராது. கண்ணாடி இன்னொரு சுவர். முன் கண்ணாடி லேமினேட்டடு, திறமையான ஆள் அறுத்துத் தரலாம். பக்கத்துக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் டெம்பர்டு. அறுக்க ஆரம்பித்த நொடியில் பொடிப் பொடியாகும். புதிதாக வார்க்க வேண்டும் அல்லது தட்டைக் கண்ணாடிக்கு ஏற்ற பாடி வேண்டும். அதனால் சாப் பேச்சைத் தட்டைக் கண்ணாடி ஜீப்போடு நிறுத்திக்கொள்வது எங்கள் கருத்து.

ஷேவ் மட்டும் எந்த வண்டிக்கும் ஆகும், அதுவும் டிங்கர் நல்லவராக அமைந்தால். ஓட்டையைச் சுற்றி 5 சென்டிமீட்டருக்குப் பெயின்ட்டைத் தகடு தெரியும்வரை எடுக்க வேண்டும். 20 கேஜில் ஓட்டை அளவுக்கே அடைப்புத் தகடு வெட்டி, மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றி, ஒவ்வொரு புள்ளியும் ஆறிய பிறகு அடுத்தது. ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டினால் சூட்டில் தகடு உப்பி அலை அலையாகும். பிறகு அந்த அலையை மறைக்கப் பட்டி ஏறும். பட்டி இரண்டு மூன்று மில்லிக்கு மேல் வேண்டாம். ஹார்டனர் எடைக்குச் சுமார் 2 சதவீதம். சித்திரை வெயிலில் அதைக் கொஞ்சம் குறைக்காவிட்டால் தேய்ப்பதற்குள் கல்லாகிவிடும், கூடிப்போனால் பெயின்ட்டின் மேல் மஞ்சள் கறையாக ஊறி வரும். வெல்டு இல்லாமல் ஓட்டையில் வலை ஒட்டிப் பட்டி அடைத்தால் அடுத்த மழைக்காலத்தில் பின்னாலிருந்து துரு ஏறி, அடைத்த இடம் வட்டமாக எழும்பும்.

இன்ஜின்: ஸ்டேஜ், மேப், ஸ்வாப், ஸ்லீப்பர்

மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டி ஓட்டிய கரிவரதனின் ஊர் இது. இன்ஜின் பேச்சுக்கு இங்கே குறைவில்லை, அதில் காற்றும் நிறைய.

‘ஸ்டேஜ் 1’ என்றால் பாகம் எதையும் மாற்றாமல், இன்ஜினை ஆளும் கணினியான இசியூவில் மேப் (எரிபொருள், டைமிங் கணக்கு) மட்டும் மாற்றுவது. ‘ஸ்டேஜ் 2’ என்றால் டவுன்பைப், இன்டேக் போன்ற காற்று வழிகளைத் திறந்து அதற்கேற்ற மேப். ‘ஸ்டேஜ் 3’ என்றால் பெரிய டர்போ. இதற்கு எந்தப் பொது விதியும் இல்லை. ஒருவரின் 2 இன்னொருவரின் 1. டர்போ வண்டியில் ஸ்டேஜ் 1-க்கே நன்றாகத் தெரியும் அளவு இழுவை கூடும். டர்போ இல்லாத 1.2 பெட்ரோலில் சில குதிரைகள்தான், அந்தக் காசை டயரில் போடலாம். ‘பிக்கிபேக்’ அல்லது ‘பாக்ஸ்’ என்பது மேப்பைத் தொடாமல், சென்சாரின் சேதியை நடுவில் மாற்றி இசியூவை ஏமாற்றும் பெட்டி. கழற்றி வைப்பது சுலபம், ஆனால் அது ரீமேப் அல்ல.

‘நேஷனல் இன்ஜின்’ என்றால் ஃபியட்டின் 1248 சிசி டீசல். ஸ்விஃப்ட், ரிட்ஸ், புன்டோ, விஸ்டா என்று ஊரெல்லாம் ஓடியதால் வந்த பட்டம். 75 குதிரையில் சாதா டர்போ, 90 குதிரையில் விஜிடி (இறகுகளின் கோணம் மாறும் டர்போ). இதை ரீமேப் செய்யும் முன் காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி டைமிங் செயின் பக்கம் காதை வையுங்கள். ‘சலசல’ என்றால் முதலில் செயின் வேலை, அப்புறம்தான் மேப். ரீமேப்புக்குப் பிறகு முதலில் கை தூக்குவது கிளட்ச். நாலாவது கியரில் 2000 ஆர்பிஎம்மில் முழு மிதி மிதித்துப் பாருங்கள். முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது.

எண் கேட்கும்போது ‘கிராங்கா, வீலா’ என்று கேளுங்கள். கியர்பாக்ஸில் போவது போக வீலில் வருவது குறைவாகத்தான் இருக்கும். ஒரே டைனோவில் (சக்தியை அளக்கும் மேடையில்), ஒரே நாளில், முன்னும் பின்னும் ஓட்டிய இரண்டு தாளை ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

‘ஸ்வாப்’ என்பது வேறு வண்டி இன்ஜினை மாற்றி வைப்பது. இன்ஜின் கொடுத்த வண்டி ‘டோனர்’. 800-க்குள் எஸ்டீமின் 1.3 வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் விலையைக் கேட்டுவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். மவுன்ட், டிரைவ் ஷாஃப்ட் நீளம், கியர் லிங்கேஜ், ரேடியேட்டர், இசியூவோடு முழு ஹார்னஸ் (ஒயர் கட்டு), அதற்கு மேல் பிரேக்: இந்த ஆறுக்கும் தனித்தனி விலை வாங்குங்கள். டோனர் வண்டியை முழுதாக வாங்குவது பெரும்பாலும் மலிவாக முடியும், ஏனென்றால் கடைசியில் கிடைக்காமல் போவது எப்போதும் பத்து ரூபாய் கனெக்டர்தான்.

வெளியே சாதுவாக, உள்ளே வேகமாக இருக்கும் வண்டி ‘ஸ்லீப்பர்’. வெளியே மட்டும் ஆர்ப்பாட்டம் என்றால் ‘ரைஸர்’. அது வசவு, வண்டிக்காரர் முன்னால் சொல்லாதீர்கள்.

உடைந்தால் பட்டறை பேசும் சொற்களும் வேண்டும். ‘ஜாம்’ என்றால் பிஸ்டன் இறுகி நின்றது. ‘ராடு வெளிய வந்துருச்சு’ என்றால் கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது, அந்த பிளாக்கை மறந்துவிடுங்கள். ‘போர் பண்ணி 50 போட்டுரலாங்’ என்றால் சிலிண்டரைக் கடைந்து 0.50 மில்லி பெரிய பிஸ்டன். இதில் வரிசை முக்கியம்: பிஸ்டனை முதலில் வாங்கி, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தந்த பிஸ்டனுக்குக் கையேட்டில் சொன்ன இடைவெளி விட்டுத்தான் போர் கடைய வேண்டும். கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடினால், தளர்வான சிலிண்டரில் காலையில் ‘டக்டக்’ சத்தமும், இறுகிய சிலிண்டரில் முதல் நீண்ட பயணத்திலேயே ஜாமும் வரும்.

சத்தம், வெளிச்சம்

‘ஃப்ரீ ஃப்ளோ’ என்றால் தடை குறைந்த சைலன்சர். ‘எண்ட் கேன்’ என்றால் கடைசி டப்பா மட்டும். ‘ஹெடர்’ என்பது இன்ஜினை ஒட்டிய புகைக்குழாய்கள் ஒன்றுசேரும் பகுதி: நாலு இரண்டாகி ஒன்றாகும் 4-2-1 என்றால் நடு ஆர்பிஎம் இழுவைக்கு, 4-1 என்றால் உச்சி ஆர்பிஎம்முக்கு. 1.2, 1.3 பெட்ரோலுக்கு 1.75-லிருந்து 2 இன்ச் பைப் போதும். 2.5 போட்டால் சத்தம் வரும், அடி இழுவை போகும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் காதுக்குள் ‘ம்ம்ம்’ என்று அடைப்பது ‘ட்ரோன்’. அந்தச் சத்தத்தை அடக்கும் டப்பாவான ரெசனேட்டரைக் கழற்றி எறிந்ததன் தண்டனை அது.

விளக்கில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். 60/55 வாட் பல்புக்குப் போட்ட ஒயரில் 100/90 போட்டால் இரண்டு ஹை பீமும் சேர்ந்து 16, 17 ஆம்பியர் இழுக்கும். ரிலே போட்ட தனி ஹார்னஸ் இல்லாவிட்டால் சுவிட்ச் உருகும். அது எதிரே வருபவர் கண்ணுக்கும் ஆகாது, சட்டப்படியும் ஆகாது.

விற்பனைப் பேச்சு

மாற்றிய வண்டியை விற்கிறவர் சொல்லும் ‘ஆல் ஸ்டாக் பார்ட்ஸ் அவெய்லபிள்’ நல்ல சொல்: கழற்றிய கம்பெனிப் பாகங்கள் கையில் இருக்கின்றன என்று பொருள். விலையில் அதற்கு மதிப்புண்டு. ‘ஓஇஎம் பிளஸ்’ என்றால் அதே கம்பெனியின் உயர் மாடல் பாகங்களால் மாற்றியது. ‘இன்ஜின் சீல் பிரிக்காதது’ என்றால் ஹெட்டும் சம்ப்பும் திறக்கப்படவில்லை என்ற வாக்கு. போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தழும்பையும் கேஸ்கெட் ஓரத்தில் புது சீலன்ட் பிதுங்கலையும் பாருங்கள். ‘ஒரிஜினல் பேஸ்டிங்’ என்றால் பானெட், டிக்கி ஓரங்களில் கம்பெனி சீலன்ட் கலையாமல் இருப்பது. நகத்தால் அழுத்தினால் கம்பெனிக் கோடு ஒரே சீராகவும் கெட்டியாகவும் இருக்கும், பட்டறைக் கோடு கை நடுங்கியிருக்கும். ‘சின்ன டச்சப்புங்க’ என்ற இடத்தில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். பக்கத்துத் தகட்டில் ஒட்டி இங்கே வழுக்கினால் உள்ளே பட்டி. மீட்டர் உள்ளவர்களுக்கு: கம்பெனிப் பெயின்ட் பெரும்பாலும் 100–150 மைக்ரான் சுற்றி வரும், 400, 500 காட்டினால் அது டச்சப் அல்ல.

கடைசியாக ஆர்சியை வாங்கி, வண்டியோடு வைத்துப் பாருங்கள்: நிறம், இன்ஜின் எண், சேசி எண், எரிபொருள், இருக்கை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைச் சுட்டித் தீர்ப்பளித்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நிறம் மாற்றினாலும் இன்ஜின் மாற்றினாலும் ஆர்டிஓவிடம் முறைப்படி ஏற்றியாக வேண்டும். ஸ்வாப் வண்டி வாங்குகிறீர்கள் என்றால் இன்ஜின் பிளாக்கில் பொறித்த எண்ணைத் துடைத்துவிட்டு நீங்களே படியுங்கள். ‘ஏத்திக்கலாங்ணா, நம்ம ஆளு இருக்கறாருங்’ என்று சொன்னால், ஏற்றிய ஆர்சி கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றங்களை எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் பதிந்த தாளை ஆர்சி நகலோடு சேர்த்து வையுங்கள்; மறைத்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வழியிருக்கிறது.